ஒரே வாசல், எத்தனை பேர்?



மட்டக்களப்பு வாவியிலே பாடும் மீன்கள் உள என்பது இந்நாட்டார் யாவரும் கேட்டறிந்த செய்தி. நிலவெறிக்கும் இரவிலே கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருள் ஆழ்த்தி மறுமுனையைச் செவியிற் பொருத்திக் கேட்போர்க்கு, நீரினுள்ளிருந்து மெல்லிய இன்னொலி எழுவது கேட்கும் என்பர். 1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இங்கு வந்து அவ்வொலியைக் கேட்டவர், அக்காலத்தில் இலங்கை ஆட்சியில் குடியேற்றச் செயலாளராயிருந்த எமேர்சன் தெனன்ற் என்பவர். 1859இல் வெளிவந்த தமது நூலிலே, அது ஒரே நீண்ட ஒலியன்று, தனித்தனியான பல சிற்றொலிகளின் திரள் என்று அவர் குறித்து வைத்தார். நீர் ஒன்று, துடுப்பு ஒன்று, செவியை அடையும் வழியும் ஒன்று. அவ்வொரு வழியாக வருவது ஒன்றன் குரலா, பலவற்றின் குரலா என்று பிரித்தறிவதே கேட்போர்க்குரிய வினா.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளும் அவ்வினாவையே ஒத்தது. இணையத்தின் வழியாகச் சதுரங்கமோ, கரம்போ, சீட்டோ, துப்பாக்கிப் போர் ஆட்டமோ ஆடுவோர் இன்று ஊர்தோறும் உளர். அவ்வாட்டங்களை நடத்தும் தளங்களுட் பலவற்றில் ஒரு விதி உண்டு. ஒருவர்க்கு ஒரு கணக்கே உரியது என்பது அது. ஒரே இணைப்பிலிருந்து நான்கு கணக்குகள் வந்து சேருமாயின், அவை நால்வருடையனவா, ஒருவரே நான்கு பெயர்களில் வருகின்றாரா என்பதை ஆயிரக்கணக்கான கல் தொலைவிலுள்ள இயந்திரமொன்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அது எவ்வாறு தீர்மானிக்கின்றது? அத்தீர்மானம் எவ்வளவு நம்பத்தக்கது? அது பிழைக்குமாயின் அப்பிழை யார் தலையில் விழும்? இவற்றையே ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலில் நம் பகுதியின் குடும்ப அமைப்பை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். எழுவான்கரையாயினும் படுவான்கரையாயினும், வீடு பெண்வழியே செல்வது இங்கு நெடுங்கால வழக்கு. மூத்த மகளுக்கு மணமாகும்போது தாம் குடியிருந்த வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, பெற்றோர் அதே வளவிலோ அயல் வளவிலோ வேறு வீடமைத்து இளைய பெண்களுடன் குடிபுகுவர். பின்னர் அவ்வீடு அடுத்த மகளுக்குரியதாகும். இவ்வழக்கு தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இருசாராரிடத்தும் உண்டு. ஆகவே அக்காவும் தங்கையும் ஒரே வேலிக்குள் வாழ்வதும், பெரியம்மா பிள்ளைகளும் சின்னம்மா பிள்ளைகளும் ஒரே முற்றத்தில் வளர்வதும் இங்கு இயல்பு.

இத்தகைய வளவொன்றிலே ஒரு வீட்டில் இணைய இணைப்புப் பெட்டி, அதாவது ரவுட்டர், பொருத்தப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதக் கட்டணத்தை மூன்று வீட்டாரும் பகிர்ந்து கொள்கின்றனர். மாலையில் பிள்ளைகள் அறுவர் முற்றத்திலும் திண்ணையிலும் இருந்து ஆடுகின்றனர். ஒருநாள் அவர்களுள் ஒரு பிள்ளை கணக்கைத் திறந்தால், பல கணக்குகள் வைத்திருந்தமையால் உமது கணக்கு மூடப்பட்டது என்ற அறிவித்தல் தோன்றுகின்றது. அப்பிள்ளை வைத்திருந்தது ஒரே கணக்கு. ஈராண்டாக ஆடிச் சேர்த்த தரப்புள்ளிகளும் ஒரு கணத்தில் மறைந்து விடுகின்றன. எங்கே முறையிடுவது என்பதும் அதற்குத் தெரியாது.

தளத்தார் இத்துணைக் கண்டிப்புக் காட்டுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஒருவரே இரு பெயர்களில் வந்து ஒரு பெயரால் மற்றதற்குத் தோற்றுக் கொடுத்துத் தரப்புள்ளியை உயர்த்திக் கொள்ளலாம். புதியவர்க்கு வழங்கும் நன்கொடைகளை மீண்டும் மீண்டும் பெறலாம். வஞ்சகம் செய்து விலக்கப்பட்டவர் வேறு பெயரில் மறுவாயிலால் நுழையலாம். பணம் வைத்தாடும் சீட்டு மேசையிலோ தீமை பெரிது. ஒரே மேசையில் இரண்டு கைச் சீட்டுகளைக் காண்பவர் ஏனையோரைக் கொள்ளையிடுகிறார் என்றே கூறல் வேண்டும்.

இதற்கு உண்மை நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்காட்டலாம். 2007ஆம் ஆண்டில் போக்கர்ஸ்டார்ஸ் என்னும் தளம் நடத்திய உலக இணையச் சீட்டாட்டப் போட்டியின் முதன்மை ஆட்டத்தில் முதலிடம் பெற்ற கணக்கு, பின்னர் நிகழ்ந்த ஆராய்ச்சியின் முடிவில் விலக்கப்பட்டது. அதற்குரிய பரிசு பன்னிரண்டு இலட்சம் அமெரிக்க டொலருக்கும் மேற்பட்டது. கணக்கு ஒருவர் பெயரில் இருந்தது. ஆடியவரோ அதே குடும்பத்தைச் சேர்ந்த, அப்போட்டியில் தமக்கென வேறு கணக்கும் வைத்திருந்த இன்னொருவர் என்பது தளத்தாரின் முடிவு. கணக்குக்குரியவர் வழக்குத் தொடுத்துப் பின்னர் அதனை விலக்கிக் கொண்டார். ஆகவே ஒரே குடும்பத்தார் இருவர் என்ற போர்வையினுள் ஒருவரே இருத்தலும் கூடும் என்பதை மறுத்தற்கில்லை. வினா அதுவன்று. ஒரே குடும்பத்தார் இருவர் உண்மையாகவே இருவராக இருக்கும்போது, அதனை அறியும் திறன் இயந்திரத்துக்கு உண்டா என்பதே வினா.

இனி, தளத்துக்குக் கிடைக்கும் அடையாளங்களை வரிசையாக நோக்குவோம். முதலாவது அடையாளம் முகவரி. ஐ.பி. முகவரி எனப்படும் எண்வரிசையொன்று, இணையத்தில் அனுப்பப்படும் ஒவ்வொரு செய்திப் பொதியோடும் செல்கின்றது. இதனைக் கடித உறையில் விழும் தபாற்கந்தோர் முத்திரைக்கு ஒப்பிடலாம். களுவாஞ்சிகுடி முத்திரை பதித்த இரண்டு கடிதங்கள் கொழும்பை அடைந்தால், இரண்டும் ஒரே தபாற்கந்தோரினூடாக வந்தவை என்று அறியலாமேயன்றி, இரண்டையும் எழுதியவர் ஒருவரே என்று எவரும் கூறமாட்டார்.

முகவரி இவ்வாறு பொதுவானது ஏன்? இன்றும் பெரிதும் வழங்கும் முகவரி முறை 1981இல் வகுக்கப்பட்டது. அதில் அமையக்கூடிய எண்கள் ஏறத்தாழ 429 கோடியே. அக்காலத்தில் அது கடல் போலத் தோன்றியிருக்கலாம். உலக மக்கள் தொகையோ அதனிலும் பெரிது. ஒருவர் கையில் இரண்டு மூன்று கருவிகள் இருப்பதும் இன்று வியப்பன்று. 2011 பெப்ரவரி 3ஆம் நாள், உலகப் பொதுக் களஞ்சியத்தில் எஞ்சியிருந்த கடைசி முகவரித் தொகுதிகள் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. இலங்கையும் அடங்கும் ஆசிய பசிபிக் வட்டாரத்தின் பதிவகம் அவ்வாண்டு ஏப்பிரல் 15ஆம் நாளே தனது இறுதித் தொகுதியைத் தொட்டுவிட்டது.

இப்பஞ்சத்தைச் சமாளிக்க 1994இல் எழுதப்பட்ட உபாயமே முகவரி மாற்றம். பெரிய அலுவலகங்களில் ஒரே தொலைபேசி எண்ணை வெளியாருக்கு அறிவித்துவிட்டு, உள்ளே அறைதோறும் கிளை எண்கள் வைத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். வெளியார்க்குத் தெரிவது ஓர் எண். உள்ளே இருப்பவரோ நாற்பது பேர். வீட்டு ரவுட்டரும் அவ்வாறே செய்கின்றது. உள்ளே உள்ள கைத்தொலைபேசிகளுக்குத் தானே கிளை முகவரிகள் வழங்கி, வெளியே அனைவர்க்கும் ஒரே முகவரியைக் காட்டுகின்றது. எந்த மறுமொழி எவருக்குரியது என்பதைத் தன்னிடமுள்ள அட்டவணையில் குறித்துக்கொண்டு பிரித்துக் கொடுக்கின்றது.

இம்முறை வீட்டோடு நிற்கவில்லை. கைத்தொலைபேசிச் சேவை நிறுவனங்களும் தம் சந்தாதாரர் பலரை ஒரே வெளிமுகவரியின் பின்னே நிறுத்தலாயின. இதற்கெனவே 2012இல் ஏறத்தாழ 42 இலட்சம் எண்களைக் கொண்ட தனித் தொகுதியொன்று உலக அளவில் ஒதுக்கப்பட்டது. இதன் விளைவு யாதெனில், காத்தான்குடியில் ஆடுபவரும் காலியில் ஆடுபவரும், ஒருவரையொருவர் அறியாதிருந்தும், தளத்தின் கண்ணுக்கு ஒரே முகவரியிலிருந்து வருவோராகத் தோன்றக்கூடும். ஆறாம் பதிப்பு எனப்படும் புதிய முகவரி முறையிலே எண்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் அங்கும் முகவரியின் முற்பாதி வீட்டுக்கே பொதுவானது. பிற்பாதியைக் கருவி அடிக்கடி மாற்றிக் கொள்கின்றது. ஆகவே முகவரியை மட்டும் கொண்டு ஆளை எண்ணுதல் இயலாது.

அப்படியாயின் ஒரே முகவரியின் பின்னே எத்தனை கருவிகள் உள என்று எண்ணவாவது முடியுமா? இவ்வினாவுக்கு 2002ஆம் ஆண்டில் அழகியதொரு விடை கண்டவர் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஸ்டீவன் பெலோவின். ஒவ்வொரு பொதியிலும் ஒரு தொடரெண் இருப்பதையும், அக்காலத்துக் கணினிகள் பல அவ்வெண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டிச் செல்வதையும் அவர் பயன்படுத்தினார். கடையொன்றிலிருந்து வரும் பற்றுச்சீட்டுகளை நோக்குங்கள். 101, 5400, 102, 5401, 103 என்று எண்கள் வருமாயின், அங்கே இரண்டு பற்றுச்சீட்டுப் புத்தகங்கள் வழக்கிலுள்ளன என்று சிறுபிள்ளையும் கூறும். அவ்வாறே கலந்து வரும் பொதிகளின் எண்வரிசைகளைப் பிரித்து, உள்ளே எத்தனை கணினிகள் உள என்று அவர் மதிப்பிட்டுக் காட்டினார்.

2005இல் கோனோ, புரொய்டோ, கிளாஃபி என்னும் மூவர் வேறொரு வழி கண்டனர். உலகில் எந்த இரு கடிகாரங்களும் சரிநிகராக ஓடுவதில்லை. கணினிக்குள்ளிருக்கும் கடிகாரமும் அத்தகையதே. ஒன்று சிறிது முந்தும். ஒன்று சிறிது பிந்தும். அம்முந்தலும் பிந்தலும் நொடியின் மிகச் சிறு பின்னங்களேயாயினும், ஒரு கருவிக்கு அவை ஏறத்தாழ மாறாதவை. பொதிகளில் இருக்கும் நேரக் குறிப்புகளைத் தொடர்ந்து அளந்தால், எந்தக் கருவி எது என்பதைத் தொலைவிலிருந்தே ஓரளவு பிரித்தறியலாம் என்று அவர்கள் காட்டினர். இவ்விரு முறைகளும் அறிவுக்கு விருந்தாவன. எனினும் பின்வந்த இயங்குதளங்கள் அத்தொடரெண்களைக் கலைத்து வழங்கலாயின. இடைநிலைப் பொறிகளும் நேரக் குறிப்புகளை மாற்றி விடுவதுண்டு. ஆதலால் தளங்கள் இவற்றைக் காட்டிலும் வேறு அடையாளங்களையே பெரிதும் நம்புகின்றன.

இரண்டாவது அடையாளம், தளமே இட்டுவைக்கும் குறி. சலவைத் தொழிலாளர் பல வீட்டுத் துணிகளை ஒரே துறையில் வெளுத்த பின்னரும் வீடுமாறாமல் கொண்டுவந்து கொடுப்பது எவ்வாறு? துணியின் ஓரத்தில் அவர்கள் இட்ட சிறு குறியே காரணம். குக்கி எனப்படுவது இத்தகைய குறியே. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்ரூலி இதனை வகுத்தார். முதன்முறை தளத்துக்குச் செல்லும்போது அது ஒரு நீண்ட எண்ணை உமது கருவியில் எழுதி வைக்கின்றது. மறுமுறை செல்லும்போது அவ்வெண்ணைக் கேட்டுப் பெறுகின்றது. இன்று ஒரு கணக்காலும் நாளை மறு கணக்காலும் நுழைந்தபோது அதே எண் வந்து சேருமாயின், இரண்டும் ஒரே கருவியிலிருந்து வந்தன என்பது ஐயமற்ற முடிவு. ஆனால் கருவி ஒன்று என்பதும் ஆள் ஒருவர் என்பதும் வேறு வேறு செய்திகள். அக்காள் பாடம் படித்து முடித்தபின் தம்பி அதே தொலைபேசியை வாங்கி ஆடும் வீடுகள் நம்மிடையே எத்தனை!

மூன்றாவது அடையாளம், குறி இடாமலே கண்டுகொள்ளும் சாயல். கருவியின் திரை அளவு, அதில் நிறுவியுள்ள எழுத்துருக்கள், மொழித் தெரிவு, நேர வலயம், உலாவியின் பதிப்பு, ஒரு சிறு சித்திரத்தை அது வரைந்து காட்டும் நுட்பம் ஆகியன யாவும் தளத்துக்குத் தெரியவரும். தனித்தனியே நோக்கின் இவை அற்பமானவை. ஒன்றாகச் சேர்த்து நோக்கினாலோ ஆளின் நடையுடை பாவனை போல ஒரு தனிச்சாயல் அமைந்து விடுகின்றது. எலெக்ட்ரானிக் ஃப்ரொன்ரியர் பவுண்டேசன் என்னும் அமைப்பைச் சேர்ந்த பீற்றர் எக்கர்ஸ்லி 2010இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த நான்கு இலட்சத்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட உலாவிகளுள் நூற்றுக்கு 83.6 வீதமானவை வேறெதனோடும் ஒவ்வாத தனிச்சாயல் உடையனவாயிருந்தன.

இவ்விடத்திலே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். அவ்வாய்வில் வந்தவை பெரும்பாலும் தத்தம் விருப்பப்படி அமைத்துக்கொண்ட கணினிகள். நம் பிள்ளைகளின் கையில் இருப்பவையோ மலிவு விலைத் தொலைபேசிகள். பெரியம்மா மகனுக்கும் சின்னம்மா மகனுக்கும் பட்டினத்துக் கடையொன்றில் ஒரே நாளில் ஒரே வகைத் தொலைபேசிகள் வாங்கிக் கொடுக்கப்பட்டன என்க. திரை ஒன்று, எழுத்துருக்கள் ஒன்று, நேர வலயம் ஒன்று, மொழித் தெரிவும் ஒன்று. இரட்டைப் பிள்ளைகளைப் போல அவை ஒரே சாயலுடன் விளங்கும். அவை ஒரே ரவுட்டரின் வழியே செல்லும்போது முகவரியும் ஒன்றாகின்றது. இரு கருவிகள் ஒரு கருவியாய்த் தோன்றுவதற்கு வேறென்ன வேண்டும்?

கைத்தொலைபேசிச் செயலிகள் ஒருகாலத்தில் கருவியின் மாறாத் தொடரிலக்கத்தையே படித்து இச்சிக்கலைத் தீர்த்தன. ஆயின் அது பயனாளரைப் பின்தொடரும் கருவியாகவும் தவறாக வழங்கப்பட்டது. எனவே அன்ரொயிட் இயங்குதளத்தின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் கருவிக்குரிய அடையாள எண் செயலிதோறும் வேறுபடுமாறு மாற்றப்பட்டது. 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் மாறாத் தொடரிலக்கங்களைச் சாதாரணச் செயலிகள் படிப்பது தடுக்கப்பட்டது. மறைவைக் காக்க எடுத்த இந்நடவடிக்கை நன்றே. அதன் பயனாகத் தளங்கள் மற்றைச் சாயல்களையும் ஊகங்களையும் முன்னிலும் மிகுதியாக நாட நேர்ந்தது என்பதும் உண்மையே.

நான்காவது அடையாளம் ஆடுவோரின் கை. இரண்டாம் உலகப் போரின்போது எதிரியின் தந்தியொலிகளை ஒற்றுக் கேட்டோர், செய்தி மறைகுறியில் இருந்தபோதிலும், புள்ளியும் கோடும் தட்டப்படும் தாளத்தைக் கொண்டே அனுப்புபவர் இன்னார் என்று இனங்கண்டனர். அதே தத்துவமே இங்கும். எழுத்துகளைத் தட்டும் வேகம், காய் நகர்த்துமுன் சிந்திக்கும் நேரம், விரும்பித் தெரியும் தொடக்க ஆட்டங்கள், திரையில் விரல் இழுபடும் பாங்கு ஆகியன ஆளுக்கு ஆள் வேறுபடுவன. மேலும் இரு கணக்குகளின் உறவையும் தளம் நோக்குகின்றது. ஒன்று எப்பொழுதும் மற்றதற்குத் தோற்கின்றதா? ஒன்றின் பரிசு மற்றதற்குச் செல்கின்றதா? ஒன்று நீங்கிய உடனே மற்றது நுழைகின்றதா? இரண்டும் ஒருபோதும் ஒரே வேளையில் ஆடாமலிருக்கின்றனவா?

கடைசி வினாவைச் சற்று ஆழ்ந்து நோக்குங்கள். இரண்டு கணக்குகள் ஒருபோதும் ஒரே வேளையில் ஆடுவதில்லை எனின், இரண்டையும் ஒருவரே ஆடுகின்றார் என்று ஐயுறல் இயல்பு. ஆனால் வீட்டில் ஒரே தொலைபேசி இருக்குமாயின், அண்ணனும் தம்பியும் ஒரே வேளையில் ஆடுவது எங்ஙனம்? ஒருவன் கையிலிருந்து இறங்கிய உடனே மற்றவன் கையில் ஏறுவதே அத்தொலைபேசியின் வழக்கம். அன்றியும், மின்தடை நேர்ந்தால் ஒரு வளவிலுள்ள அனைவரும் ஒரே நொடியில் ஆட்டத்திலிருந்து மறைவர். 2022 மார்ச்சு இறுதியில் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டமை நினைவிருக்கும். ஒன்றாய் மறைந்து ஒன்றாய்த் திரும்பும் கணக்குகளைப் பார்க்கும் இயந்திரத்துக்கு, அதன் காரணம் மின்னிலையத்தின் இடர் என்பது தெரியாது. இவ்வாறு பகிர்ந்து வாழ்தலும் பற்றாக்குறையும் குற்றத்தின் சாயலைப் பெற்று விடுகின்றன. வசதி மிக்க நகரொன்றில், ஒவ்வொருவர்க்கும் தனிக் கருவியும் தனி இணைப்பும் உள்ள இல்லத்தை மனத்திற் கொண்டு வகுத்த அளவுகோலால் நம் வளவுகளை அளந்தால் நேரும் கேடு இதுவே.

தேர்ந்த தளத்தார் இதனை உணராதவரல்லர். ஆகவே அவர்கள் ஓர் அடையாளத்தைக் கொண்டு தீர்ப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறை கொடுத்து, மொத்த நிறை ஓர் எல்லையைக் கடக்கும்போதே கணக்கை ஐயத்துக்குரியதாகக் குறிக்கின்றனர். அதுவும் போதுமா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவ்வெண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொள்பவை.

ஒரே இணைப்பைப் பகிரும் கணக்குச் சோடிகள் 1,000 என்க. அவற்றுள் உண்மையில் ஒருவரே இரண்டையும் ஆளும் சோடிகள் 20 என்க. ஏனைய 980 சோடிகளும் குற்றமற்றவை. தளத்தின் சோதனை குற்றவாளிகள் 20இல் 19ஐப் பிடித்து விடுகின்றது. குற்றமற்றோரை நூற்றுக்கு ஐவர் வீதமே தவறாகக் குறிக்கின்றது. மிகச் சிறந்த சோதனை என்று எவரும் மெச்சுவர். ஆயின் 980இல் நூற்றுக்கு ஐந்து வீதம் 49 ஆகும். குறிக்கப்பட்ட சோடிகள் மொத்தம் 68. அவற்றுள் குற்றமற்றவை 49. அதாவது மூடப்படும் கணக்குகளுள் பத்தில் ஏழுக்கும் மேற்பட்டவை நேர்மையானவர்களுடையன. குற்றவாளிகள் சிலராகவும் பகிர்வோர் பலராகவும் உள்ள இடத்தில், சிறந்த சோதனையும் இவ்வாறு இடறும். ஆகையால் இயந்திரம் குறித்தவற்றை மனிதர் ஒருவர் மீண்டும் ஆராய்தல் கருணையால் செய்வதன்று, கணக்கின்படியே வேண்டுவது.

வேறொரு துறையில் இவ்வினாவை நாம் நெடுங்காலத்துக்கு முன்னரே தீர்த்துவிட்டோம். வாக்காளர் இடாப்பை எடுத்துப் பாருங்கள். ஒரே வீட்டிலக்கத்தின் கீழ் எட்டு வாக்காளர் பெயர்கள் இருப்பதைக் கண்டு எவரும் திடுக்கிடுவதில்லை. வாக்கெடுப்பு நிலையத்தில் அலுவலர் எண்ணுவது வாசலையன்று, ஆளை. அடையாள அட்டையை நோக்குகின்றார், பெயரைக் கோடிடுகின்றார், விரலில் மை பூசுகின்றார். வீட்டிலக்கம் தேடுவதற்கு உதவுமேயன்றித் தீர்ப்பதற்கு உதவாது. பணம் வைத்தாடும் தளங்களும் இன்று இவ்வழியையே நாடுகின்றன. அடையாள ஆவணத்தின் படத்தையும் முகத்தின் படத்தையும், பணம் செலுத்தும் வங்கி அட்டையின் விவரத்தையும் கேட்கின்றன.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. சதுரங்கம் ஆடும் பத்து வயதுப் பிள்ளைக்கு அடையாள அட்டை ஏது? தந்தையின் ஒரே தொலைபேசி எண்ணை நான்கு பிள்ளைகளும் கொடுப்பராயின், அவ்வெண்ணே அவர்களுக்கு எதிரான சாட்சியாகும். தொலைநாட்டு நிறுவனமொன்றின் களஞ்சியத்தில் நம் பிள்ளைகளின் முகங்களைச் சேர்த்து வைத்தலும் நன்றாகுமா? ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையிலுள்ள தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, தானியங்கு முறையால் மட்டும் எடுத்த பாரிய முடிவுகளுக்கு எதிராக மனிதரின் மறுபரிசீலனையைக் கோர இடமளிக்கின்றது. இலங்கைப் பாராளுமன்றம் இயற்றிய 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் அத்தகைய மறுபரிசீலனைக்குரிய ஏற்பாடு எழுதப்பட்டுள்ளது. ஓர் ஆட்டக் கணக்கு அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் இதே முறையால்தான் நாளை கடன் விண்ணப்பமும் தொழில் விண்ணப்பமும் நிறுக்கப்படக்கூடும் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

இனி, பகிர்ந்த இணைப்பில் ஆடுவோர் கைக்கொள்ள வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுவேன். முதலாவது, ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரே கணக்கை வைத்து, அதனையே ஆளுதல் வேண்டும். அண்ணன் இல்லாதபோது அவன் கணக்கில் தம்பி ஓர் ஆட்டம் ஆடுவது விளையாட்டாகத் தோன்றினும், இரு கைகளின் தாளமும் ஒரு கணக்கில் கலந்துவிடும். பின்னர் எக்கை யாருடையது என்று நிறுவுதல் அரிது. இரண்டாவது, ஒரே கருவியை இருவர் ஆள்வதாயின், அக்கருவியிலேயே ஆளுக்கொரு பயனாளர் பகுதியை அமைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, ஒரே கூரையின் கீழ் உள்ளோர் தமக்குள் ஆடும்போது தரப்புள்ளி சேராத நட்பாட்டமாக ஆடுதல் நன்று. நான்காவது, தளம் இடங்கொடுக்குமாயின், இவ்விணைப்பில் இத்தனை பேர் ஆடுகின்றோம் என்று முன்கூட்டியே அறிவித்து வைக்கலாம்.

வேறு வேறு இடங்களிலிருந்து வருவதுபோற் காட்டுவதற்காக இடைவழிச் சேவைகளை நாடுதல் கூடாது. நேர்மையானவர் மறைந்து செல்லும்போது, மறைதலே அவர்க்கெதிரான சான்றாகின்றது. கணக்கு மூடப்பட்டுவிட்டால், உடனே புதியதொன்று திறத்தலும் கூடாது. இல்லாத குற்றத்தை அது உண்மையாக்கிவிடும். அதற்கு மாறாக, தளத்தின் முறையீட்டுப் பிரிவுக்கு அமைதியாக எழுதுதல் வேண்டும். வீட்டில் ஆடுவோர் எத்தனை பேர், அவர்களின் வயதென்ன, எந்தக் கருவியை எவர் ஆள்கின்றார், இன்ன நாளில் இன்ன வேளையில் இரு கணக்குகளும் வேறு வேறு எதிராளிகளோடு ஒரே சமயத்தில் ஆடியிருந்தன என்ற விவரங்களைக் குறிப்பிடலாம். கடைசியாகக் கூறியது வலுவான சான்று. ஒருவரே இரண்டு ஆட்டங்களை ஒரே சமயத்தில் நெடுநேரம், இரு வேறு தாளத்தோடு ஆடுதல் எளிதன்று.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளையின் கணக்கு மூடப்பட்டது என்றவுடன், நீ என்ன களவு செய்தாய் என்று கேட்டுவிடாதீர்கள். இயந்திரம் கூறியது ஓர் ஊகம். பிள்ளையை நன்கறிந்த நீங்கள், எந்தத் தொலைபேசி எந்த மாலையில் யார் கையில் இருந்தது என்பதையும் அறிவீர்கள். அந்த அறிவு தொலைநாட்டுக் கணினிக்கு இல்லை. முறையீட்டை எழுதும்போது பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, அந்த விவரங்களை நாளும் பொழுதும் குறித்துக் கொடுங்கள். முகவரி ஓர் இடத்தைக் காட்டும்; குறியும் சாயலும் ஒரு பொருளைக் காட்டும்; ஆடும் கை ஆளின் நிழலைக் காட்டும். ஆளைக் காட்டுதற்கு ஆளை அறிந்தவரே வேண்டும்.